வைஃபையில் ஒட்டிக்கொண்டிருந்தது

குப்பிக்கு அருவருப்பு என்பதே கிடையாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஒரு பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. யார் யாருடைய ரத்தமோ, சிறுநீரோ, மலமோ, சளியோ, மூடி போட்டுப் பெயர் ஒட்டிக் காலையிலேயே அவள் மேசையில் வரிசைகட்டி நிற்கும். புதிதாகச் சேர்ந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுகிற சமாச்சாரத்தையெல்லாம் அவள் பட்டாணி உரிக்கிற நிதானத்தோடு செய்து முடித்து, கையைக் கழுவிவிட்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவாள்.

"உனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்லியா?" என்று கூட இருப்பவர்கள் கேட்பார்கள்.

"இருக்கே, மூச்சு விடறதுக்கு" என்பாள்.

குப்பி என்ற பெயர் இந்த வேலையால் வந்ததல்ல. சின்ன வயதில் காலி மருந்துக் குப்பிகளை அடுக்கிவைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அப்பா வைத்த பெயர். அப்பாவுக்கு எல்லோருக்கும் ஒரு பெயர் வைத்தாக வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே தண்ணீர் கொண்டுவா, செருப்பை எடுத்துவா என்று அதிகாரம் செய்துகொண்டிருந்த மூத்த பிள்ளைக்கு 'துரை' என்று வைத்தார். குப்பியின் கணவன் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். ஊருக்கு அவன் மாஸ்டர். யார் என்ன கேட்டாலும் 'சரிங்க' என்று சொல்லிவிடுகிறவன் என்பதால் அப்பாவுக்கு மட்டும் அவன் 'சரி மாப்பிள்ளை'.

அந்த அப்பாவுக்குத்தான் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எத்தனை புழுக்கமானாலும் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டுதான் வாசலில் நிற்பார். பெற்ற பிள்ளைகள்கூட அவரை வெற்றுடம்போடு பார்த்ததில்லை. அப்படிப்பட்ட மனிதருக்கு இப்போது குப்பிதான் டயப்பர் மாற்றினாள், துடைத்துவிட்டாள், புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தாள். முதல்முறை அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதார். "லேப்ல பாக்காததையா நான் இங்க பாக்கப் போறேன்? கண்ணத் திறப்பா" என்று அவள் சொன்னதும், வாய் கோணினாலும் லேசாகச் சிரித்தார். அதற்கப்புறம் அவர்களுக்குள் அது ஒரு பொருட்டாகவே இல்லாமல் போய்விட்டது.

பகலில் குப்பி வேலைக்குப் போய்விடுவாள். அந்த நேரத்துக்கு ஒரு பெண்மணி துணைக்கு வந்தாள். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. கிழவரைக் குழந்தையைப் போலத் தூக்கி உட்காரவைப்பாள். பேச்சு குழறினாலும் அப்பா அவளுக்கும் பெயர் வைக்க மறக்கவில்லை: பகலக்கா.

துரை குடும்பத்தோடு வெளியூரில் இருந்தான். எப்போதாவது ஒருமுறை வந்து, அப்பாவின் காலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, அதை ஒரு படமும் எடுத்துக்கொண்டு போவான்.

கதை ஆரம்பித்தது அப்பாவின் உடற்பயிற்சியில். பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் டேப்லெட்டில் வந்து, கையை இப்படித் தூக்குங்கள், அப்படி மடக்குங்கள் என்று வழிகாட்டுவார். கொஞ்ச காலமாக அவர் கையைத் தூக்கியபடியே உறைந்துபோய் நின்றுவிடுவது வழக்கமாகிவிட்டது. அவர் இறக்குவார் என்று அப்பாவும் நடுங்குகிற கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே காத்திருப்பார். ஒரு விடுமுறை நாள் காலையில் குப்பிக்குப் பொறுக்கவில்லை. இன்டர்நெட் கம்பெனிக்கு போன் போட்டாள்.

எடுத்தவன் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வர்ற நெட் நல்லாத்தான் இருக்கு மேடம். உங்க வீட்டுலேர்ந்து வெளியே போறதுதான் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. யாரோ நாள் பூரா வீடியோ அனுப்பிட்டே இருக்காங்க" என்றான்.

"எங்க வீட்டுல யாருங்க படம் எடுக்கறா? இருக்கறது மூணு பேரு. அதுல ஒருத்தர் படுத்த படுக்கை."

"அப்ப வேற யாராவது உங்க வைஃபைய யூஸ் பண்ணுவாங்க. எங்க ஆப்பைப் போட்டுப் பாருங்க மேடம். என்னென்ன கனெக்ட் ஆகியிருக்குன்னு அதுவே காட்டும். தெரியாதது இருந்தா அதை நிறுத்தி வைங்க. எது யாருதுன்னு தானா தெரிஞ்சிடும்."

குப்பி ஆப்பை இறக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். பெயர் ஒட்டாத குப்பி ஒன்று மேசைக்கு வந்தால் அது யாருடையது என்று தெரிகிறவரை அவளுக்குச் சோறு இறங்காது. இங்கேயோ பாதிக்கு மேல் பெயரே இல்லை. வெறும் எழுத்தும் எண்ணுமாகக் கிடந்தன. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, எது என்று தெரிந்ததும் திரும்ப ஓடவிட்டாள். ஒன்றை நிறுத்தியதும் அவள் போனிலேயே வைஃபை செத்தது. அதற்கு அவள் பெயரை வைத்தாள். இன்னொன்றை நிறுத்தியதும் கூடத்தில் ஓடிய டிவி படமில்லாமல் முழித்தது. மற்றொன்று டேப்லெட். துணி துவைக்கிற மெஷினும் வைஃபையில் இருந்ததைப் பார்த்து, "உனக்கு எதுக்குடா நெட்டு?" என்று அதனிடமே கேட்டாள்.

அடுத்ததை நிறுத்தியபோது வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. மாடியில்தான் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த கிரிக்கெட் மேட்ச் சத்தம் நின்று, யாரோ நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் மாடிவீட்டு வக்கீல் படியிறங்கி வந்து கதவருகே நின்றார்.

"என்னம்மா, நெட்டு போயிடுச்சா?"

"எங்க வீட்டு நெட்டு போனா உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

வக்கீல் கோர்ட்டில் எப்படிப் பேசுவாரோ தெரியாது, இங்கே அவருக்கு வாய் ஒட்டிக்கொண்டது. "இல்ல... மாஸ்டர்தான் ஒருநாள்... தாராளமா யூஸ் பண்ணிக்கங்க சார்னாரு..."

"மேட்ச் முடிஞ்சதும் வந்து உங்க வீட்டுக்கு ஒரு கனெக்‌ஷன் போடச் சொல்லி எழுதிக் குடுங்க சார்" என்று அவள் சொன்னாள். அவர் அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டே படியேறிப் போனார்.

வாசலில் டிரைவிங் ஸ்கூல் காரைக் கழுவிக்கொண்டிருந்த கணவனை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். "என்னங்க, மாடிக்காரருக்கு பாஸ்வேர்டு குடுத்தீங்களா?"

"கேட்டாரு. பெரிய மனுஷன். முகத்துக்கு நேரா எப்படி இல்லன்னு சொல்றது?"

"முகத்தத் திருப்பிக்கிட்டு சொல்றது."

அவன் சிரித்துக்கொண்டே சக்கரத்தில் தண்ணீர் அடித்தான். அவளுக்கும் சிரிப்புதான் வந்தது. திருட்டு பிடிபட்டுவிட்டது, வக்கீல் மேட்ச் பார்த்ததுதான் இத்தனைக்கும் காரணம் என்று எண்ணிக்கொண்டு போனை வைக்கப் போனாள். அப்போதுதான் கண்ணில் பட்டது, கடைசியில் இன்னொன்று. பெயரில்லை. நீளமாக ஏதோ எழுத்துகள். ஆனால் வீட்டிலிருந்து வெளியே போகிற அத்தனையும் அதிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண் ஏறிக்கொண்டேயிருந்தது.

அதையும் நிறுத்தினாள். காது கொடுத்துக் கேட்டாள். டிவி ஓடியது. மாடியில் சத்தமில்லை. அப்பாவின் அறையில் பகலக்கா அவருக்கு முடி சீவிவிட்டபடி ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். விடுமுறை நாளிலும் பாதிப் பொழுது வந்துவிட்டுப் போவாள். யாருக்கும் எதுவும் குறையவில்லை.

மேசைமேல் கிடந்த மாஸ்டரின் போன் அடித்தது. திரையில் 'மச்சான்' என்றிருந்தது, துரைதான். கணவன் கை ஈரமாக இருக்கிறதே என்று குப்பி எடுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் பேச ஆரம்பித்துவிட்டது.

"மாப்ள, கேமரா ஆஃப்லைன்னு காட்டுது. அப்பா ரூம்ல அந்த சார்ஜரை குப்பி எதுவும் பிடுங்கிட்டாளா? அவ இல்லாத நேரமாப் பாத்து மாட்டிவிட்ருங்க, என்ன?"

"ஹலோ, ஹலோ" என்று அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

சார்ஜர். போன தடவை துரை வந்தபோது கொண்டுவந்தது. "அப்பா டேப்லெட்டுக்கு இது நல்ல சார்ஜர், கழட்டாம அப்படியே இருக்கட்டும்" என்று அவனே தன் கையால் மாட்டிவிட்டுப் போனான். அண்ணனுக்கு அப்பா மேல் அக்கறை வந்துவிட்டதே என்று அவள் அன்றைக்குச் சந்தோஷப்பட்டிருந்தாள்.

அப்பாவின் அறை வீட்டின் பக்கவாட்டில் இருந்தது. சந்துப் பக்கம் அதற்குத் தனிக் கதவு, ஒட்டினாற்போல் குளியலறை. லேபிலிருந்து வந்தால் குப்பி அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வருவாள். அங்கேயே உடை களைந்து, குளித்து, மாற்றுத்துணி உடுத்திக்கொண்டுதான் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பாள். அப்பாவின் பார்வை படாமலிருக்க அறையின் குறுக்கே ஒரு திரை தொங்கியது. சார்ஜர் இருந்தது திரை போய் முடிகிற சுவரில். அந்தப் பக்கம் அப்பாவின் கட்டில், இந்தப் பக்கம் அவள் உடை மாற்றும் இடம், இரண்டும் அதற்கு முன்னால் விரிந்து கிடந்தன.

குப்பி அந்த அறைக்குப் போய், குனிந்து தொட்டுப் பார்த்தாள். வெள்ளைப் பிளாஸ்டிக்கின் நடுவில் கடுகளவு ஓட்டை. ஓட்டைக்குள் கறுப்பாக ஒரு பளபளப்பு.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. முதுகில், கழுத்தில், இடுப்பில், அன்றாடம் துணியை அவிழ்த்த இடமெல்லாம் ஈரமான ஏதோ ஒன்று ஊர்வது போலிருந்தது. குளியலறைக்குள் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். லேபில் ஆயிரம் அசிங்கத்தைத் தொட்ட கை, தண்ணீர் பட்டதும் சுத்தமாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்குத் தொட்டதென்னவோ ஒரு பிளாஸ்டிக் துண்டைத்தான். தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் பகலக்கா.

"ஒண்ணுமில்ல, கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு, அதைப் பிடுங்காமல் வாசலுக்குப் போனாள்.

"அப்பா ரூம்ல கேமரா இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

மாஸ்டரின் கையிலிருந்த குழாய் தண்ணீரைத் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை மூடக்கூட இல்லை.

"மச்சான் கேட்டாரு... பாஸ்வேர்டு வேணும்னாரு..."

"சார்ஜருக்கு எதுக்கு பாஸ்வேர்டுன்னு நீங்க கேக்கலையா?"

"கேட்டேன். சொன்னாரு."

"சொன்னாரா?"

"அப்பாவப் பாக்கறதுக்குத்தானேன்னாரு. பெத்த பிள்ளை. அப்பாவப் பாக்கக் கூடாதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

"நான் அங்கதான் துணி மாத்தறேன்னு உங்களுக்குத் தெரியாது?"

அவன் காரைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான். "நான் சொன்னேன் மச்சான்கிட்ட. அவரு, எங்க தங்கச்சிதானே, நான் என்ன தப்பாவா பாக்கப் போறேன்னாரு. சரிதானேன்னு..."

குப்பி எட்டிப் போய்த் தண்ணீரைத் தானே மூடினாள். இந்த மனிதனோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறாள். தினமும் மாலையில் அவள் சந்துக் கதவு வழியாகப் போவதைப் பார்த்துக்கொண்டே, "வந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டு இவன் கூடத்தில் உட்கார்ந்திருந்தானே! ஒரு நாளாவது அந்த அறைக்குள் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லையே!

"இன்னும் யாரு பாக்கறா?"

அவள் உள்ளே போய் அவன் போனை எடுத்துவந்து நீட்டினாள். அவன் திறந்து கொடுத்தான். 'அப்பா நலம்' என்று ஒரு குரூப். துரை, அண்ணி, அத்தை, சித்தப்பா பிள்ளைகள், மாஸ்டர். அப்பா இருந்த வீட்டில், அப்பாவுக்கு எல்லாம் செய்கிற அவள் மட்டும்தான் அதில் இல்லை. மேலே இருந்தது அன்றைய காலைப் படம். இடுப்புக்குக் கீழே துணியில்லாமல் அப்பா ஒருக்களித்துக் கிடந்தார். பக்கத்தில் கையுறையோடு குனிந்த அவளுடைய முதுகு. கீழே துரை எழுதியிருந்தான்: 'இன்னைக்கு மோஷன் நல்லாப் போயிருக்கு. அப்பா நலம்.' அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள், பூக்கள். அத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலாக அக்கறைப்பட்டு எழுதியிருந்தாள்: 'துடைக்கறது பத்தாது. நல்லாத் தேச்சுத் துடைக்கச் சொல்லுங்க.'

சில நாட்களுக்கு முன் அத்தை போன் செய்து, தன் அண்ணனைத் துடைக்கும்போது கை நோகிறதே என்று பார்க்காமல் தேய்க்க வேண்டும், நேரத்துக்குத் திருப்பிப் போட வேண்டும் என்று அறிவுரை சொன்னது குப்பிக்கு நினைவு வந்தது. வயதானவளின் அனுபவம் என்று அவள் தலையாட்டிக் கேட்டிருந்தாள். திரையில் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

குப்பி துரையைத் தன் போனிலிருந்து கூப்பிட்டாள். இந்தத் தடவை அவன் எச்சரிக்கையாக இருந்தான்.

"நான் சொல்றத முதல்ல கேளு குப்பி. உன்ன சந்தேகப்பட்டு இல்ல. நீ வேலைக்குப் போயிடற. அந்தப் பொம்பள யாரோ எவரோ. நாலு பேரு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? இப்ப எல்லாரும் பாத்துட்டு, பொண்ணு எப்படிக் கவனிக்கறா பாருன்னுதான் சொல்றாங்க. உனக்குத்தான் பெருமை."

"நான் துணி மாத்தறதும் பெருமையாண்ணா?"

அந்தப் பக்கம் சலசலத்தது. அண்ணி போனை வாங்கிக்கொண்டாள். "அதெல்லாம் தப்பா நினைக்காதம்மா. நீ சாயங்காலம் உள்ள வந்தவுடனே நான் உங்க அண்ணன் கையிலேர்ந்து போனைப் பிடுங்கிடுவேன். நீ டிரஸ் மாத்தி முடிக்கற வரைக்கும் நானேதான் வச்சுக்கிட்டுப் பாப்பேன். அந்த அளவுக்கு நாங்க நாகரிகமாத்தான் இருக்கோம்."

லேபில் கெட்டுப்போன குப்பியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கிற வாடைகூட இத்தனை நாகரிகமாக இருந்ததில்லை.

"அந்த நேரத்துல குரூப்ல இருக்கற மத்தவங்க போனையெல்லாம் யாரு அண்ணி பிடுங்குவா?" என்றாள்.

லைவ்வாகப் பார்ப்பது நாங்கள் இரண்டு பேர்தான், மற்றவர்களுக்குப் படம் மட்டும்தான் என்று துரை தூரத்திலிருந்து கத்துவது கேட்டது. அவள் போனை வைத்தாள்.

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். சொன்னால் மனுஷர் ஒடிந்துபோவார். ஆனால் அவர் உடம்பை வைத்து எல்லோருமாகப் பேசி முடிவெடுத்துக்கொண்டதில்தான் இத்தனை அசிங்கமும் ஆரம்பித்தது. தானும் மறைத்தால் தானும் அதில் ஒரு ஆள் ஆகிவிடுவோம் என்று தோன்றியது. கட்டிலில் உட்கார்ந்து, பகலக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடந்ததை மெதுவாகச் சொன்னாள். சார்ஜரைக் காட்டினாள்.

அப்பா அதைப் பார்த்தார். பிறகு இடது கையால் போர்வையைப் பிடித்து இழுத்துக் கழுத்து வரைக்கும் மூடிக்கொண்டார்.

"யார்... யார்... பாத்தா?"

"அண்ணா. அண்ணி. அத்தைக்குப் படம் போயிருக்கு."

"தங்...கச்சி?" என்றார். தன்னைவிட வயதில் சின்னவள், தான் தூக்கி வளர்த்தவள் தன்னை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டாள் என்பதுதான் அவரைக் குத்தியது. முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. காறித் துப்பப் பார்த்தார். சரியாக மூடாத உதட்டிலிருந்து எச்சில் தாடையில்தான் வழிந்தது. குப்பி துடைக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார்.

"பி...டுங்கு" என்றார்.

அவள் பிடுங்கினாள்.

பகலக்கா எழுந்து நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது. "மத்தியானம் அய்யா தூங்கறப்ப நான் இங்கதாம்மா கீழ படுப்பேன். புடவை எங்க கிடக்குதுன்னு தெரியாமத் தூங்குவேன். என்னையும் பாத்தாங்களா?"

"தெரியலக்கா. பாத்திருப்பாங்க."

"நான் என்ன திருடியா? ஒரு வார்த்தை, கேமரா இருக்குன்னு சொல்லியிருந்தா நான் என் உடம்ப ஒழுங்கா வச்சுக்கிட்டிருக்க மாட்டேனா?" பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அப்பாவின் தலையைத் தடவினாள். "அய்யா, உங்க மேல கோவமில்ல. இந்த ரூம்ல எனக்கு மூச்சு முட்டுது" என்று சொல்லிவிட்டு சந்துக் கதவு வழியாகப் போய்விட்டாள். போகும்போது அவள் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு போனதை குப்பி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே துரைக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: 'துணைக்கு இருந்தவங்க உன்னாலதான் போயிட்டாங்க. வேற ஆள் கிடைக்கற வரைக்கும் நீ வந்து அப்பாவப் பாத்துக்க.' துரை வராமல் இருந்திருப்பான். ஆனால் குரூப்பில் இருந்தவர்களுக்கு, துணைக்கு ஆளில்லாத விஷயம் எப்படியோ கசிந்து, எப்போது புறப்படுகிறாய் என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். யாருக்குப் பதில் சொல்ல வேண்டுமென்று கேமரா வைத்தானோ, அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே அவன் கிளம்பி வர வேண்டியதாயிற்று.

வந்தான். கூடை நிறையப் பழம். அப்பாவின் காலடியில் வழக்கம்போல் நாற்காலியைப் போட்டான். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்பா, உங்க நல்லதுக்குத்தாம்ப்பா..."

அப்பா காதே கேளாதவர் போலக் கிடந்தார். குப்பி அவனுக்கு வேலைகளைச் சொல்லிக் கொடுத்தாள்: எப்படிப் புரட்டுவது, எந்தப் பக்கத்திலிருந்து துடைப்பது, அழுக்கை எதில் போடுவது. அவன் பொறுமையில்லாமல் தலையாட்டினான். "எனக்குத் தெரியும் குப்பி. தினமும் பாத்திருக்கேன்ல" என்றான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

அவள் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டாள், துரையிடமிருந்து போன் வந்தது. "அப்பா போயிட்டார்" என்று மட்டும் சொன்னான். அந்தக் குரலைக் கேட்டு அவளுக்கு நெஞ்சு நின்றேவிட்டது. "டயப்பர்ல போயிட்டாருன்னு சொல்றேன், சீக்கிரம் வா!" என்று அவன் அலறிய பிறகுதான் மூச்சு வந்தது.

திரும்பி வந்து பார்த்தால் அறை முழுக்க நாற்றம். துரை கையுறை மாட்டியிருந்தான், முகத்தில் துண்டைக் கட்டியிருந்தான். டயப்பரின் ஒரு பக்க ஒட்டைப் பிரித்தவன் அதற்குமேல் முடியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கேமராவில் வாடை வராது. கும்பிடு போட்டவர்கள் யாருக்கும் இந்த வாடை போய்ச் சேர்ந்ததில்லை. அவளைப் பார்த்ததும் வீராப்பு வந்து இன்னொரு தடவை குனிந்தான். குனிந்தவன் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினான். பாதி வழியிலேயே எல்லாம் சட்டையில் கொட்டியது.

பாதி அவிழ்ந்த அழுக்கோடு, போர்வைகூட இல்லாமல் அப்பா அப்படியே கிடந்தார். இத்தனை பேர் பார்த்ததைவிட, பெற்ற பிள்ளை முகத்துக்கு நேரே தன்னைப் பார்த்து ஓங்கரித்ததுதான் அவருக்கு மிஞ்சிவிட்டது. குப்பியின் கையைப் பிடித்தார்.

"இவன்... வேணாம். போ...கச் சொல்லு."

குப்பி கதவைச் சாத்திவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, அவரைச் சுத்தம் செய்தாள். வெந்நீரில் துடைத்து, பவுடர் போட்டு, சட்டை மாட்டி, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுவிட்டாள். அவளுக்கு மூக்கைச் சுளிக்கத் தோன்றவில்லை. இதில் என்ன இருக்கிறது? வயிறு செய்கிற வேலையை வயிறு செய்கிறது. ஆனால் குளியலறைக்குள் துரை வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

துரை மாஸ்டரின் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு மத்தியானமே கிளம்பினான். "வேற ஆள் பாத்து அனுப்பறேன்" என்றான். மாஸ்டர் மட்டும் வாசல் வரைக்கும் போய், "பாத்துப் போங்க மச்சான்" என்றான்.

அன்று மாலை குப்பி பகலக்காவின் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள். சொல்லிக்கொள்ள நியாயம் எதுவும் இல்லாததால், "அய்யா உங்களைக் கேக்கறாரு. எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே பிடுங்கி எறிஞ்சிருப்பேன்" என்று மட்டும் சொன்னாள். பகலக்கா நிறைய யோசித்தாள். பிறகு வந்தாள். வந்தவள் முதல் காரியமாக ஸ்விட்சுகள், கடிகாரம், மருந்துப் பெட்டி, படச்சட்டம் என்று எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குப்பி கூடவே நின்று ஒவ்வொன்றையும் கழற்றிக் காட்டினாள். அதற்கப்புறமும் பகலக்கா அந்த அறையில் படுத்துத் தூங்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தே பகலைக் கழித்தாள். அப்பாவும் உடம்பு துடைக்கும்போது பழையபடி கண்ணை இறுக மூடிக்கொள்ள ஆரம்பித்தார். "கண்ணத் திறப்பா" என்று அவள் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். அவர் திறக்கவில்லை.

மாஸ்டர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான். அப்பாவிடம் கேட்டான், பகலக்காவிடம் கேட்டான், அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டான். அந்த மன்னிப்பும் யாரோ கேட்டதற்காகக் கொடுக்கிற பொருள் மாதிரியே அவளுக்குப் பட்டது. அவன் நீட்டுகிற தண்ணீர் டம்ளரை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, தானே போய் வேறு டம்ளரில் பிடித்துக் குடித்தாள். வேண்டுமென்றே செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

இதற்கெல்லாம் முன்பே, துரை போன மறுநாள் குளியலறையைக் கழுவப் போனவள், மூலையில் இருந்த வாளியைப் பார்த்தாள். வாந்தி பட்ட சட்டையை அலசக்கூட இல்லாமல், யாரோ துவைத்து வைப்பார்கள் என்று அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தான். விலையுயர்ந்த சட்டை. எத்தனையோ அழுக்குத் துணியை வெறுங்கையால் அலசியவள், கையுறையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் அதைத் தூக்கிக் குப்பைப் பையில் போட்டாள். போன் அடித்தது. அத்தை. "அண்ணன் எப்படிம்மா இருக்காரு? இப்பெல்லாம் ஒண்ணும் தெரிய மாட்டேங்குதே" என்றாள் வருத்தத்தோடு.

"நேர்ல வந்து பாருங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, குப்பி பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.